ஆர்பிடி புரோஜெக்ட்: ஆசிரியர் எதைப் பார்க்கிறார்?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டப் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்டவை. பதில் சொல்பவர் இடைநிலைப்பள்ளியில் வடிவமைப்பும் தொழில்நுட்பமும், அதாவது ஆர்பிடி, பாடம் நடத்தும் ஆசிரியர்.

சார், மகன் படிவம் 3. இந்தப் புரோஜெக்டுக்கு நூற்றுக்கு எத்தனை மார்க்?

நூற்றுக்கு இத்தனை என்ற கணக்கே இல்லைம்மா. படிவம் 3 மாணவர்கள் எழுதிவந்த பிடி3 பொதுத்தேர்வு 2022இல் ரத்தாகிவிட்டது. புரோஜெக்டுக்கு வகுப்பறை மதிப்பீடுதான். 1 முதல் 6 வரை அடைவுநிலை போடுவார்கள். 1 என்றால் தெரியும், 2 என்றால் புரியும், 3 என்றால் செய்யத் தெரியும். 4க்கு முறைப்படி செய்திருக்க வேண்டும், 5க்கு அந்த முறை ஒவ்வொரு தடவையும் பிசகாமல் வர வேண்டும், 6க்கு மற்றவர் பார்த்துப் பின்பற்றும்படியான புதுமை வேண்டும். பொருள் வேலை செய்தாலே போதும் என்று நினைக்கும் பிள்ளை 3லேயே நின்றுவிடும்.

செம்பனையில் (எண்ணெய்ப் பனையில்) உதிரிப் பழம் பொறுக்கும் கருவி செய்கிறேன் சார். ஃபோலியோவில் (புரோஜெக்ட் பதிவேட்டில்) என்ன எழுதுவது?

"அம்மாவுக்கு முதுகு வலிக்கிறது" என்ற ஒரு வரி போதாது தம்பி. ஒரு மரத்தடியில் எத்தனை தடவை குனிகிறார், எத்தனை நிமிடம் ஆகிறது என்று எண்ணி எழுது. அதிலிருந்து நிபந்தனைகளை எடு: கருவியின் எடை 1.5 கிலோவைத் தாண்டக் கூடாது, நின்றபடியே எடுக்க வேண்டும், 10 விநாடிக்குள் கொட்ட முடிய வேண்டும். "அழகாக, உறுதியாக" என்று எழுதினால் யார் எப்படிச் சோதிப்பது?

அடுத்து மூன்று யோசனை. மூன்றும் வேறு வேறு விதமாக வேலை செய்ய வேண்டும்: உருளும் கம்பிக்கூண்டு, நீள இடுக்கி, பிடி வைத்த முறம். ஒரே கூண்டுக்கு மூன்று நிறம் அடித்தால் அது ஒரே யோசனைதான். தள்ளிய இரண்டையும் ஏன் தள்ளினாய் என்பதையும் எழுது. பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

கூண்டு செய்துவிட்டேன். பழம் உள்ளே போகிறது, உருட்டினால் வெளியே கொட்டுகிறது. வேறு ஒன்று செய்துவிட்டு இதை எழுதாமல் விடலாமா?

விடாதே, உன் ஃபோலியோவின் நல்ல பக்கமே இதுதான். கட்டுக்கம்பி போட்டிருப்பாய். அது விலகினால் விலகினபடியே நிற்கும். அழுத்தும்போது விலகி, பழம் நுழைந்ததும் பழைய இடத்துக்கே திரும்புகிற ஸ்பிரிங் கம்பி வேண்டும். 20 பழத்தின் குறுக்களவை வெர்னியரில் (நுண்ணளவு எடுக்கும் அளவுகோலில்) எடு. மிகச் சிறியதைவிட 2, 3 மில்லிமீட்டர் குறைவாக இடைவெளி வை. வளைந்த கம்பியை ரூலர் வைத்துப் படம் பிடி. தேதி, காரணம், மாற்றம் மூன்றையும் படத்துக்குக் கீழே எழுது.

பிறகு 50 பழத்தைக் கொட்டி, கையால் மூன்று தடவை, கூண்டால் மூன்று தடவை பொறுக்கு. ஆன விநாடி, விட்டுப்போன பழம், கூடவே வந்த கல், சருகு எல்லாம் அட்டவணையில் ஏறட்டும்.

அப்பா வெல்டிங் வைத்துக் கொடுத்தால்?

கொடுக்கட்டும், அதை அப்படியே எழுது. ஆனால் அந்த இடத்தில் ஏன் வெல்டிங், ஏன் போல்ட் இல்லை என்று ஆசிரியர் கேட்டால் நீதான் பதில் சொல்ல வேண்டும்.

பழைய இரும்பில் செய்தால் செலவு பூஜ்யம்தானே?

இல்லை. பழைய இரும்புக் கடை கிலோ விலையைப் போடு, செலவழித்த நேரத்தையும் தனி வரியில் சேர்.