மங்கிய துணிக்கு வீட்டிலேயே சாயம்: கேள்வி பதில்

சாயம், பிளீச் பற்றி வந்த கேள்விகளுக்கெல்லாம் இங்கே சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கே: கறுப்பு காட்டன் சட்டை துவைத்துத் துவைத்துச் சாம்பல் பூத்தமாதிரி ஆகிவிட்டது. பழைய கறுப்பு திரும்ப வருமா?

வரும். ஆனால் சாயம் வாங்கும் முன் துணியை வெளிச்சத்தில் நன்றாகப் பாருங்கள். பல சமயம் சாயம் போயிருக்காது, மேலே எழும்பி நிற்கும் நூல் பிசிறும் சரியாக அலசாத சோப்பும்தான் அப்படிக் காட்டும். கொஞ்சம் வினிகர் கலந்த தண்ணீரில் அரைமணி ஊறவைத்து அலசுங்கள், பிசிறை எடுங்கள்.

அப்புறமும் மங்கலாகவே இருந்தால் ரியாக்டிவ் சாயம்தான் சரி, பருத்தி நாரோடு வேதிப் பிணைப்பு கொள்வதால் எளிதில் போகாது. காய்ந்த துணியை எடை போடுங்கள். 100 கிராம் துணிக்குச் சாதாரண நிறமென்றால் 2 முதல் 4 கிராம் சாயம் போதும், கறுப்புக்கு 6 முதல் 8 கிராம் வேண்டும், இதில் கஞ்சத்தனம் பார்த்தால் கறுப்புக்குப் பதில் சாம்பல்தான் கிடைக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் உப்பையும் சாயத்தையும் கரைத்து, ஈரத்துணியைப் போட்டு இருபது நிமிடம் கிளறிக்கொண்டே இருங்கள். சலவை சோடாவைத் தனியாகக் கரைத்து, துணிமேல் நேரே படாமல் ஊற்றி இன்னும் ஒரு மணி நேரம் விடுங்கள். முதலில் பச்சைத் தண்ணீரில், பிறகு சுடுதண்ணீரில், தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். சாயப்பொடி மூச்சில் போனால் ஒவ்வாமை வரும் என்பதால் கையுறையோடு முகக்கவசமும் போடுங்கள். சமைக்கும் பாத்திரம் வேண்டவே வேண்டாம்.

கே: சலவை சோடா இல்லை, சமையல் சோடா போடலாமா?

அதன் காரம் போதாது, சாயம் சரியாகப் பிடிக்காது. வாங்கிவிட்டே தொடங்குங்கள்.

கே: அக்கா, பாலியஸ்டர் சுடிதாருக்கு இதே முறையா?

இல்லை. பாலியஸ்டருக்கு டிஸ்பர்ஸ் சாயம் வேண்டும், அதுவும் கிட்டத்தட்ட கொதிநிலையில். பட்டு, கம்பளி, நைலான் என்றால் வினிகர் சேர்த்துச் சூடாக்கும் ஆசிட் சாயம். எந்த நார் என்று லேபிளில் இல்லையா, உள்தையலிலிருந்து ஒரு நூலை எடுத்து, இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம்போல எரிந்து சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும், பட்டிலும் கம்பளியிலும் முடி பொசுங்கும் நாற்றம் வரும். இதைப் பார்க்காமல் சாயம் வாங்கினால் காசுதான் வீண். காட்டன் துணியிலும் தையல் நூல் பெரும்பாலும் பாலியஸ்டர்தான், அது பழைய நிறத்திலேயே நிற்கும்.

கே: நீல டாப்ஸில் பிளீச் தெறித்து வெள்ளைத் திட்டு. அதன்மேல் நீலச் சாயம் போட்டால் மறையுமா?

மறையாது. சாயம் எல்லா இடத்திலும் சேர்ந்தே ஏறும், திட்டு சற்று வெளிறியே தெரியும். கருநீலமோ கறுப்போ போட்டால் ஓரளவு அடங்கும். இல்லையென்றால் முழுத்துணியையும் வெளுத்துவிட்டுப் புதிதாகச் சாயம் ஏற்றுங்கள்.

கே: வெளுத்தபின் பிளீச்சை நிறுத்த வினிகர் ஊற்றலாம் என்கிறார்களே?

தயவுசெய்து ஊற்றாதீர்கள்! குளோரின் பிளீச்சோடு வினிகர் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், நுரையீரலுக்கு ஆபத்து. அமோனியா உள்ள கிளீனரும் கூடவே கூடாது. நன்றாக அலசிவிட்டு, மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைத் தண்ணீரில் கலந்து துணியை அதில் ஊறவையுங்கள், மிச்சமிருக்கும் குளோரின் அடங்கும். ஜன்னல் திறந்திருக்கட்டும். பட்டு, கம்பளி, ஸ்பாண்டெக்ஸ் எதையும் குளோரின் பக்கமே கொண்டுபோகாதீர்கள், நார் அரித்துப்போகும். வெள்ளைப் பாலியஸ்டர் மஞ்சளாகும்.

கே: புதுத்துணியை உப்புத்தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் போகாது என்பது உண்மையா?

உண்மையில்லை. சாயம் ஏற்றும்போது அதை நாரின் பக்கம் தள்ளத்தான் உப்பு உதவும், ஏறிவிட்ட சாயத்தைப் பிடித்துவைக்காது. குளிர்ந்த தண்ணீரில் தனியாக, உட்புறத்தை வெளியே திருப்பித் துவைத்து நிழலில் உலர்த்துங்கள், நிறம் வெகுநாள் நிற்கும்.