சின்ன கேஸ்தானே என்று அபராதம் கட்டி முடித்துவிடாதீர்கள்

கேள்வி: அமெரிக்காவில் எச்1பி என்ற வேலை விசாவில் இருக்கிறேன். லாங் வீக்கெண்டில் வேறு மாநிலத்துக்கு காரில் போனபோது போலீஸ் நிறுத்திச் சோதனை போட்டார்கள். கொஞ்சம் கஞ்சா இருந்தது. என்னுடையதுதான். மிஸ்டிமீனர் (சிறு குற்றம்) என்று எழுதி, கோர்ட் தேதி போட்ட சீட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இவ்வளவு தூரம் திரும்பப் போக முடியாது. குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டி முடித்துவிடலாமா?

கட்டாதீர்கள். இரண்டு வக்கீல்களிடம் பேசி முடிக்கும்வரை ஒரு டாலர்கூடக் கட்டாதீர்கள், எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

உங்கள் நிலையில் நான் இருந்திருக்கிறேன். அப்போது டென்வரில் எஃப்1 விசாவில் படித்துக்கொண்டிருந்தேன். கொலராடோவில் 2014-லிருந்து கடையிலேயே கஞ்சா விற்கிறார்கள். என் இந்தியப் பாஸ்போர்ட்டைக் காட்டி, வயதைச் சரிபார்த்து, ரசீதோடு வாங்கிய கஞ்சா மிட்டாய் டப்பா அது. நானும் இரண்டு நண்பர்களும் பக்கத்து மாநிலத்துக்குக் கிளம்பினோம். எல்லையில் கேட் கிடையாது, செக்போஸ்ட் கிடையாது, ஒரு வரவேற்புப் பலகைதான். அதைத் தாண்டிய நிமிடத்திலிருந்து அந்த ரசீதுக்கு மதிப்பே இல்லை என்பது எனக்குத் தெரியாது. மத்தியச் சட்டத்தில் கஞ்சா இன்றும் தடைசெய்யப்பட்ட பொருள். இரண்டு மாநிலத்திலும் சட்டம் அனுமதித்தாலும், எல்லை தாண்டி எடுத்துப்போவது மத்தியச் சட்டப்படி குற்றம்தான்.

இண்டிகேட்டர் போடாமல் லேன் மாறியதற்கு நிறுத்தினார்கள். லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்த பிறகு அதிகாரி ரொம்பச் சாதாரணமாக, “காரைக் கொஞ்சம் பார்க்கட்டுமா?” என்றார். முடியாது என்று சொல்லலாம் என்பதே எனக்குத் தோன்றவில்லை. சரி என்றேன். டாஷ்போர்டு பெட்டியிலிருந்து சார்ஜர், டிஷ்யூ, பாதி தீர்ந்த சூயிங்கம், கடைசியாக அந்த டப்பா என்று ஒவ்வொன்றாக எடுத்து கார் பானட்மேல் வரிசையாக வைத்தார். காற்றில் டிஷ்யூ பறந்துபோனது. அதைப் பிடிக்க ஓடலாமா, அசையாமல் நிற்க வேண்டுமா என்று புரியாமல் நின்றது இன்றும் கண்முன் இருக்கிறது. “யாருடையது?” என்று கேட்டார். நான்தான் வாங்கினேன், ரசீதுகூட இருக்கிறது என்று பெருமையாகவே சொன்னேன். என் கேஸில் எனக்கு எதிராக இருந்த பெரிய சாட்சி அந்த ஒரு வாக்கியம்தான் என்று பிறகு வக்கீல் சொன்னார்.

அந்தக் கட்டத்தை நீங்கள் தாண்டி வந்துவிட்டீர்கள், அதனால் இதை மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். “சோதனைக்கு எனக்குச் சம்மதம் இல்லை”, “வக்கீல் இல்லாமல் பேச விரும்பவில்லை” என்ற இரண்டையும் மரியாதையாகச் சொல்லும் உரிமை விசாவில் இருப்பவர்களுக்கும் உண்டு. பொய் மட்டும் சொல்லக் கூடாது.

இனி உங்கள் விஷயம். முதலில் எந்த மாநிலம், என்ன பொருள் என்று பாருங்கள். கான்சாஸில் முதல் தடவை என்றால் அதிகபட்சம் ஆறு மாதச் சிறை, 1000 டாலர் அபராதம். ஐடஹோவில் 3 அவுன்ஸ் வரை மிஸ்டிமீனர், ஆனால் ஒரு வருடம் வரை சிறை விதிக்கலாம். டெக்சாஸில் 2 அவுன்ஸ் வரை இலை என்றால் 180 நாள், 2000 டாலர். அதே டெக்சாஸில் வேப் பேனாவோ மிட்டாயோ என்றால் கதையே வேறு, எவ்வளவு குறைவாக இருந்தாலும் அது ஃபெலனி, அதாவது பெரிய குற்றம். மிட்டாயில் உள்ள சர்க்கரையையும் சேர்த்து எடை போடுகிறார்கள். 4 கிராம் தாண்டினாலே 2 முதல் 20 வருடம் வரை என்கிற பிரிவுக்குப் போய்விடும். உங்களுக்கு மிஸ்டிமீனர் என்று எழுதியிருப்பது நல்ல செய்திதான்.

ஆனால் அபராதமோ சிறையோ உங்களுக்குப் பெரிய ஆபத்து இல்லை. ஆபத்து குடியேற்றச் சட்டத்தில் இருக்கிறது. அமெரிக்கக் குடிமகன் ஒருவர் இதே சீட்டுக்குப் பணம் கட்டிவிட்டு மறந்துவிடலாம். நம்மால் முடியாது. சொந்தப் பயன்பாட்டுக்காக 30 கிராமுக்கு உட்பட்ட கஞ்சா, அதுவும் ஒரே ஒரு தடவை என்றால் நாட்டை விட்டு அனுப்பும் பிரிவில் விலக்கு உண்டு. பலர் இதைப் படித்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். ஆனால் நாட்டுக்குள் நுழைய அனுமதிக்கும் பிரிவில் அந்த விலக்கு இல்லை. அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும்போதும், பாஸ்போர்ட்டில் விசா ஒட்டித் தரும் ஸ்டாம்பிங்கிலும், கிரீன் கார்டு விண்ணப்பத்திலும் வந்து நிற்பது இந்தப் பிரிவுதான். கிரீன் கார்டுக்கு மன்னிப்பு கேட்டு விண்ணப்பிக்கும் வழி ஒன்று இருக்கிறது. அதற்குத் தகுதிகள் நிரூபிக்க வேண்டும், கேட்டவுடன் கிடைக்காது.

இன்னொரு கண்ணி, நல்ல வாய்ப்புபோலத் தெரியும். முதல் தடவை மாட்டியவர்களுக்குப் பல கவுண்டிகளில் (நம்மூர் மாவட்டம்போல) டைவர்ஷன் என்று ஒன்று தருவார்கள். ஒரு வருடம் ஒழுங்காக இருந்து, வகுப்புக்குப் போய், கட்டணம் கட்டினால் கேஸ் தள்ளுபடி. எனக்கும் அதைத்தான் நீட்டினார்கள், நானும் துள்ளிக் குதித்தேன். குடியேற்ற வக்கீல் அந்த ஒப்பந்தத்தை வாங்கிப் படித்துவிட்டு மூன்றாவது பக்கத்தில் ஒரு பத்தியைப் பேனாவால் வட்டமிட்டார். போலீஸ் அறிக்கையில் உள்ள விவரங்கள் உண்மை என்று நான் ஒப்புக்கொள்வதாக அதில் இருந்தது. குற்றத்தையோ, தண்டிக்கப் போதுமான விவரங்களையோ ஒப்புக்கொண்டு, கோர்ட் ஏதாவது ஒரு கட்டுப்பாடு விதித்துவிட்டால், மாநிலம் கேஸைத் தள்ளுபடி செய்த பிறகும் குடியேற்றச் சட்டம் அதைத் தண்டனையாகவே பார்க்கும். பிறகு ரெக்கார்டை அழித்தாலும் பெரும்பாலும் பயன் இல்லை.

அதனால்தான் இரண்டு வக்கீல்கள் என்றேன். ஒருவர், சீட்டில் இருக்கும் அதே கவுண்டியில் கிரிமினல் கேஸ் நடத்துபவர். நீங்கள் வசிக்கும் ஊர் வக்கீல் வேண்டாம். அந்த அரசு வழக்கறிஞர் எதற்கு இறங்கிவருவார் என்று அங்கேயே தினமும் நிற்பவருக்குத்தான் தெரியும். பல இடங்களில் மிஸ்டிமீனருக்கு உங்கள் சார்பில் அவரே ஆஜராகலாம், எனவே பயணத்தை நினைத்து இப்போதே பயப்படாதீர்கள். இன்னொருவர், குற்ற வழக்குகளின் குடியேற்ற விளைவுகளைத் தெரிந்தவர். கம்பெனியின் எச்1பி மனு போடும் வக்கீல் பெரும்பாலும் இதற்குச் சரிப்பட மாட்டார், அவர் கம்பெனிக்கும் வக்கீல் என்பதையும் மறந்துவிடாதீர்கள். இந்த இரண்டு பேரும் ஒருவரோடொருவர் போனில் பேச வேண்டும். வசதி இல்லை என்றால், சிறைத்தண்டனைக்கு வாய்ப்புள்ள கேஸில் அரசு செலவில் வக்கீல் கேட்கலாம், விசா அதற்குத் தடை இல்லை.

பாடில்லா எதிர் கென்டக்கி என்ற 2010 வழக்கைத் தேடிப் படியுங்கள். பாடில்லா நாற்பது வருடமாக கிரீன் கார்டில் இருந்த, வியட்நாம் போரில் பணியாற்றிய லாரி டிரைவர். இவ்வளவு காலமாக இங்கே இருக்கிறீர்கள், குடியேற்றம் பற்றிக் கவலைப்படாதீர்கள் என்று வக்கீல் சொன்னதை நம்பி கஞ்சா வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அது தவறான ஆலோசனை. குடியேற்ற விளைவைச் சொல்லவேண்டியது வக்கீலின் கடமை என்று உச்ச நீதிமன்றம் அந்த வழக்கில்தான் தீர்ப்பளித்தது. அந்தக் கடமையின் பேரில்தான் நீங்கள் இன்று உங்கள் வக்கீலிடம் கேட்கிறீர்கள், தயங்காதீர்கள்.

காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு மெல்லூலி என்பவரின் வழக்கைச் சொல்வேன். கான்சாஸில் சாக்ஸுக்குள் நான்கு மாத்திரைகளோடு பிடிபட்டவர். போதைப்பொருள் உபகரணம் வைத்திருந்ததாக ஒப்புக்கொண்டார், அந்த உபகரணம் சாக்ஸ்தான். 2012-ல் நாடு கடத்தப்பட்டார். 2015-ல்தான் உச்ச நீதிமன்றம் அது தவறு என்றது. அவர் ஒப்புக்கொண்ட குற்றச்சாட்டில் மத்திய அரசின் போதைப்பொருள் பட்டியலில் உள்ள எந்த மருந்தின் பெயரும் இல்லாததுதான் காரணம். மூன்று வருடம் அவர் அமெரிக்காவுக்கு வெளியே இருந்தார்.

என் கேஸில் போதைப்பொருள் குற்றச்சாட்டை எடுத்துவிட்டு, பொது இடத்தில் ஒழுங்கீனம் என்று மாற்றித் தந்தார்கள். ஐந்து மாதம் ஆனது. அந்த ஐந்து மாதமும் ஊருக்குப் போகவில்லை, தங்கை நிச்சயதார்த்தத்தை போனில்தான் பார்த்தேன். அடுத்த ஸ்டாம்பிங்கில் டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவம் எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா என்று கேட்டது. கேஸ் எப்படி முடிந்தாலும் கைதானவர் ஆம் என்றுதான் எழுத வேண்டும். ஆம் என்று எழுதி, தீர்ப்பின் சான்றளிக்கப்பட்ட நகலைக் கொண்டுபோனேன். அந்த நகலை இரண்டு மூன்றாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குச் சீட்டு மட்டும் கொடுத்தது கைது என்ற கணக்கில் வருமா என்பதை வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கோர்ட் தேதியை மட்டும் தவறவிடாதீர்கள். நீங்களோ உங்கள் சார்பில் வக்கீலோ போகவில்லை என்றால் வாரண்ட் வரும், வேறு மாநிலத்தில் ஒரு சாதாரண டிராஃபிக் நிறுத்தத்தில்கூட அது திரையில் தெரியும். இன்றைக்கே உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதி வையுங்கள்: எத்தனை மணிக்கு நிறுத்தினார்கள், எப்போது சீட்டு கொடுத்தார்கள், போதைப்பொருளை மோப்பம் பிடிக்கும் நாய் வந்ததா, சோதனைக்கு நீங்கள் என்ன வார்த்தையில் பதில் சொன்னீர்கள். நிறுத்திய காரணம் முடிந்த பிறகு, சந்தேகத்துக்குத் தகுந்த காரணம் இல்லாமல் நாய்க்காகக் காக்க வைக்கக் கூடாது என்று 2015-ல் தீர்ப்பே இருக்கிறது. எழுதியதை வக்கீலுக்கு மட்டும் கொடுங்கள்.

அப்புறம், கேள்வியில் “என்னுடையதுதான்” என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைப் பற்றி முதல் பேச்சிலேயே வக்கீலிடம் சொல்லுங்கள். அவரைக் கேட்காமல் எதையும் நீக்காதீர்கள், இங்கே இனி ஒரு வரிகூட எழுதவும் வேண்டாம்.