என் சம்பளம், அவர் கையில்

அன்புள்ள அம்மா,

எனக்கு 32 வயது. தனியார் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். கல்யாணமான புதிதில், "கரண்ட் பில், கேஸ் எல்லாம் நானே பாத்துக்கிறேன், கார்டைக் கொடு" என்றார் கணவர். உதவிதானே என்று கொடுத்தேன். அப்புறம் பேங்க் கணக்கில் அவருடைய போன் நம்பரைப் போட்டார். இப்போது சம்பளம் ஏறிய மெசேஜ்கூட எனக்கு வருவதில்லை. தினமும் காலையில் செருப்பு மாட்டிக்கொண்டு அவர் முன்னால் நிற்கிறேன். "டவுன் பஸ்ல லேடீஸுக்கு டிக்கெட்டே கிடையாது, உனக்கு எதுக்குக் காசு?" என்பார். போன வாரம் நாப்கின் வாங்கக்கூட இன்னொரு டீச்சரிடம் கடன் கேட்டேன். அவர் அடிப்பதில்லை, குடிப்பதில்லை. "உனக்குக் காசைக் கையாளத் தெரியாது" என்கிறார். உண்மைதானோ என்று எனக்கே தோன்றுகிறது. நான்தான் பெரிதுபடுத்துகிறேனா?

– பெயர் வேண்டாம், திருப்பூர் மாவட்டம்

அன்புச் சகோதரி,

இல்லவே இல்லை. பிள்ளைகளுக்கு லாப நட்டம் சொல்லித்தரும் உங்களுக்கா காசைக் கையாளத் தெரியாது? கேட்டுக் கேட்டு நம்பவைக்கப்பட்ட பேச்சு அது.

ஏமாந்துவிட்டோமே என்று நொந்துகொள்ளாதீர்கள். 1966-ல் ஃப்ரீட்மேன், ஃப்ரேசர் என்ற இரு உளவியலாளர்கள் கலிபோர்னியாவில் ஓர் ஆய்வு செய்தார்கள். 'கவனமாக ஓட்டுங்கள்' என்ற பெரிய பலகையை வீட்டு முன்னால் வைக்கலாமா என்று கேட்டபோது 17 சதவீதம் பேர்தான் சரி என்றார்கள். அதே விஷயத்துக்காக ஒரு சின்ன அட்டை வைக்கும்படி முன்பே கேட்கப்பட்டவர்களில் 76 சதவீதம் பேர் சம்மதித்தார்கள். முதல் நாளே மொத்தச் சம்பளத்தையும் கேட்டிருந்தால் நீங்களும் கொடுத்திருக்க மாட்டீர்கள். முதலில் கார்டு, பிறகு நம்பர், கடைசியில் உங்கள் தைரியம்.

அடிக்கவில்லை என்பதால் வன்முறை இல்லை என்று ஆகாது. 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் பணத்தைப் பறித்து ஒடுக்குவதையும் வன்முறை என்றே சொல்கிறது.

போனபடியே, கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வாங்குங்கள். ஆதார், பாஸ்புக்கோடு கிளைக்குப் போய் உங்கள் நம்பரைப் பதியுங்கள், பழைய கார்டை நிறுத்திப் புதிது கேளுங்கள். அவர் போனுக்கும் தகவல் போகலாம். அதற்குத் தயாராக இருங்கள். வீட்டில் ஒரே வாக்கியம் போதும்: "என் சம்பளம் என் கணக்குல இருக்கும், வீட்டுச் செலவுல என் பங்கைத் தரேன்." காரணம் அடுக்காதீர்கள், ஒவ்வொரு காரணத்துக்கும் அவர் ஒரு கேள்வி வைத்திருப்பார்.

இரண்டு நாள் முறைத்துவிட்டுக் கணக்குப் பேச உட்கார்ந்தால், இருவரும் சேர்ந்தே ஆலோசனைக்கு வாருங்கள். மிரட்டினாலோ கை ஓங்கினாலோ காத்திருக்க வேண்டாம். 181 என்ற பெண்கள் உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். நாப்கினுக்குக் காசு கொடுத்த டீச்சரிடம் இன்றே முழுவதையும் சொல்லுங்கள். பேங்குக்கும் அவரையே கூட்டிப்போங்கள்.