வாடகை வீட்டில் அப்பாவின் துவக்கை வைத்திருக்கலாமா?

திருகோணமலை உப்புவெளியில் ஒரு வீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு இருக்கும் வாசகர் கேட்கிறார்: "தம்பலகாமத்தில் எங்களுக்கு வயல் இருக்கிறது. பன்றிக் காவலுக்காக அப்பாவின் பெயரில் அனுமதிப்பத்திரத்தோடு 12 போர் துவக்கு ஒன்று உண்டு. கண்பார்வை குறைந்ததால் அப்பா இப்போது எங்களோடு வந்துவிட்டார். துவக்கை இங்கே கொண்டுவர வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. அமெரிக்காவில் வாடகைக்காரருக்கு அந்த உரிமை உண்டாமே, இங்கே இல்லையா?"

இங்கே இல்லை. அமெரிக்க அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தம் ஆயுதம் வைத்திருப்பதை உரிமை என்கிறது. ஆனால் அது கட்டுப்படுத்துவது அரசைத்தான், தனியார் வீட்டுக்காரரை அல்ல. மினசோட்டா போன்ற சில மாநிலங்கள்தான் வீட்டுக்காரர் தடுக்கக் கூடாது என்று தனியாகச் சட்டம் எழுதியிருக்கின்றன. இலங்கையில் 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருப்பதே குற்றம். அந்தப் பத்திரமும் டிசம்பர் 31ஓடு முடிந்துவிடும், வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். எனவே வீட்டுக்காரர் மறுத்தால், "எனக்கு உரிமை இருக்கிறது" என்று வாதாட உங்களிடம் ஒன்றுமில்லை. ஒப்பந்தத்திலேயே அவர் அப்படி ஒரு நிபந்தனை போடலாம்.

அதைவிடப் பெரிய சிக்கல் பத்திரத்தில் இருக்கிறது. அது அப்பாவின் பெயரில், வயல் காவலுக்காகக் கொடுக்கப்பட்டது. அவர் இப்போது வயலுக்குப் போவதில்லை. அப்பாவின் பத்திரத்தைக் காட்டி நீங்கள் துவக்கைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போக முடியாது. மகன் என்பதால் மட்டும் அந்தப் பத்திரம் உங்களுடையதாகிவிடாது.

இனி, சாவியைப் பற்றி யோசியுங்கள். பல குடும்பங்களில் துவக்கை எண்ணெய்த் துணியில் சுற்றி அலுமாரிக்குப் பின்னால் சாய்த்து வைப்பார்கள், தோட்டா மா டின்னுக்குள் கிடக்கும். வயல் வீட்டிலேயே அது தவறு. வாடகை வீட்டிலோ, உங்கள் கதவின் இன்னொரு சாவி பெரும்பாலும் வீட்டுக்காரரிடம் இருக்கும். நீங்கள் இல்லாத நேரத்தில் குழாய் திருத்த ஆள் வருவார், கீழ்வீட்டுப் பிள்ளைகள் படியேறி வருவார்கள். ஒரு துவக்கு காணாமல் போனால் பொலிஸ் முதலில் கேட்கப்போவது அப்பாவிடம்தான். பார்வை குறைந்த மனிதரை அந்த நிலைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

வீட்டுக்காரர் மேல் கோபப்படவும் வேண்டாம். சோதனைச் சாவடிகளோடு வாழ்ந்த ஊர் இது. வீட்டுக்குள் துவக்கு என்றால் நம் ஆட்களுக்கு நெஞ்சு பதறுவது இயல்பு.

சரி, என்ன செய்வது? துவக்கை இடம் மாற்றும் முன் அப்பாவையும் பத்திரத்தையும் கூட்டிக்கொண்டு கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்குப் போங்கள். பயிர்க் காவல் துவக்குகளின் பத்திரம் மாவட்டச் செயலகத்தின் பொறுப்பு. முகவரி மாறியதையும் அப்பாவின் நிலைமையையும் எழுத்தில் கொடுங்கள். அதுவரை எங்கே ஒப்படைப்பது என்று அவர்களிடமே கேட்டு, ஒப்படைத்ததற்குப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். வயலை நீங்கள்தான் செய்கிறீர்கள் என்றால் உங்கள் பெயரில் புதிதாக விண்ணப்பியுங்கள். வயல் காணிப் பத்திரங்களையும் கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலையும் தயாராக வைத்திருங்கள்.

இன்னொன்று. இந்தப் போகத்துக்குள் பத்திரம் கிடைக்காவிட்டால், பன்றிக்கு யாராவது கட்டுத்துவக்கு (கம்பியில் தட்டினால் தானாக வெடிக்கும் பொறி) வைத்துத் தருகிறேன் என்று வருவார்கள். தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். அது சட்டவிரோதம் மட்டுமல்ல, விடியற்காலையில் தண்ணீர் பார்க்க வரும் பக்கத்து வயல்காரரின் காலும் அந்தக் கம்பியில் தட்டும்.