ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும்: கேள்வி பதில்

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. அதிலிருந்து, பழைய லேப்டாப்பில் லினக்ஸ் என்ற இலவச இயக்க மென்பொருளையும் சேர்த்துப் போடலாமா என்று பர்மா முழுக்க நம் ஆட்கள் கேட்கிறார்கள். எல்லாருக்கும் பொதுவாக ஒன்று: டிஸ்க்கில் கை வைக்கும் முன் உங்கள் கோப்புகளை வெளி டிரைவ் ஒன்றில் நகலெடுத்து வையுங்கள்.

பெகு: அண்ணே, விண்டோஸ் அழியாமல் லினக்ஸ் போட முடியுமா?

முடியும் தம்பி. விண்டோஸுக்குள்ளேயே டிஸ்க் மேனேஜ்மென்ட் போய் சி டிரைவைச் சுருக்குங்கள். 50 ஜிபி எடுத்தால் தாராளம். 200 ஜிபி காலியாக இருந்தும் கொஞ்சம்தான் தருவேன் என்று அது அடம்பிடித்தால், நகர்த்த முடியாத கோப்பு ஏதோ நடுவில் உட்கார்ந்திருக்கிறது. பெரும்பாலும் விண்டோஸ் தன் நினைவகத்தை டிஸ்க்கில் எழுதிவைக்கும் பேஜ் ஃபைல் அல்லது ஹைபர்னேஷன் ஃபைல். இரண்டையும் தற்காலிகமாக நிறுத்தி, ரீஸ்டார்ட் செய்து, மறுபடி சுருக்குங்கள். கிடைத்த இடத்தை ஃபார்மட் செய்யாமல் காலியாகவே விடுங்கள். லினக்ஸ் இன்ஸ்டாலர் பார்த்துக்கொள்ளும்.

பேட்டரி நிறைந்த பிறகுதான் தொடங்க வேண்டும். டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் இல்லாமல் தொடவே தொடாதீர்கள். பார்ட்டிஷன், அதாவது டிஸ்க்கின் பிரிவு, மாறிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் உள்ளே இருப்பது மொத்தமும் போகலாம். நம் ஊர் கரண்ட் சொல்லிக்கொண்டு போவதில்லை.

மோல்மேன்: பயாஸில் (கணினி எழும்போது வரும் அமைப்புத் திரை) செக்யூர் பூட் என்ற தொடக்கப் பாதுகாப்பை நிறுத்தினேன். இப்போது விண்டோஸ் நீலத் திரையில் ஏதோ சாவி கேட்கிறது.

அது டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர், அக்கா. 48 இலக்க மீட்புச் சாவி. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பதிவாகியிருக்கும், ஃபோனில் உள்ளே போய்ப் பாருங்கள். கிடைக்காவிட்டால் செக்யூர் பூட்டைப் பழையபடி போட்டுப் பாருங்கள், பல நேரம் கேட்காமல் திறந்துவிடும். மற்றவர்கள் முதலிலேயே அந்தச் சாவியைத் தாளில் எழுதிவைத்துவிட்டு, பிட்லாக்கரை நிறுத்திவைத்த பிறகு ஆரம்பியுங்கள்.

தட்டோன்: லினக்ஸிலிருந்து டி டிரைவைப் படிக்க முடிகிறது, சேமிக்க முடியவில்லை.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை, பாதித் தூக்கத்தில் டிரைவைப் பிடித்து வைத்திருக்கிறது. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய் அதை நிறுத்துங்கள். லினக்ஸில் வலுக்கட்டாயமாக எழுத வைக்க வேண்டாம், கோப்புகள் கெட்டுப்போகும். நகல் எடுத்தீர்களா?

யாங்கோன், தாம்வே: லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு வந்தால் கடிகாரம் ஆறரை மணி நேரம் பின்னால் போகிறது. கடை பில்லில் தப்பு நேரம் விழுகிறது.

மதர்போர்டு கடிகாரத்தில் இருப்பது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் நினைக்கிறது. லினக்ஸ் அதில் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது. நமக்கும் அதற்கும் வித்தியாசம் ஆறரை மணி. அதனால் காலை 10 மணிக்குப் போட்ட பில்லில் விடியற்காலை 3.30 என்று விழுகிறது. விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில், கன்ட்ரோலுக்குக் கீழே உள்ள டைம்சோன் இன்ஃபர்மேஷனில், ரியல்டைம்இஸ்யுனிவர்சல் (RealTimeIsUniversal) என்று ஒரு டிவேர்ட் (DWORD) மதிப்பை உண்டாக்கி 1 என்று போடுங்கள். ரீஸ்டார்ட் செய்தால் சரி.

தெற்கு ஒக்கலாபா: ரெஜிஸ்ட்ரி எதற்கு? லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்ற ஒரே கட்டளை போதும். பர்மாவில் கோடைக்கால நேர மாற்றமும் இல்லையே!

இல்லைதான். ஆனால் நம்மில் எத்தனை பேர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பினாங்குக்கும் சென்னைக்கும் போகிறோம்! பினாங்கில் விண்டோஸில் மலேசிய நேரம் வைத்தால் அது மதர்போர்டு கடிகாரத்தையே ஒன்றரை மணி முன்னே தள்ளும். யாங்கோன் நேரத்திலேயே இருக்கும் லினக்ஸ் அதை யாங்கோன் மணி என்று நம்பிவிடும். பொது நேரம் என்றால் காட்டும் மணிதான் மாறும், உள்ளே கடிகாரம் அசையாது. உங்கள் கட்டளையைக் கொடுத்த பிறகு நேர நிலையைக் கேட்டுப் பாருங்கள், லினக்ஸே எச்சரிக்கை காட்டும்.

அவரே: நெட் வந்தால் தானாகச் சரியாகிவிடுமே.

வந்தால். நெட் இல்லாமல் எவ்வளவு நேரம் வேலை செய்கிறோம்? அந்த நேரத்தில் போட்ட பில்லை யார் திருத்துவது? வீட்டை விட்டு நகராத டெஸ்க்டாப் என்றால் உங்கள் வழியும் ஓடும், மறுக்கவில்லை. லேப்டாப்புக்கு நான் சொல்லமாட்டேன்.

பியூ: விண்டோஸ் அழிந்துவிடுமா?

பெகு தம்பிக்குச் சொன்னதுதான். நகல் எடுங்கள்.

தன்பியூசாயா: லினக்ஸில் பழைய பர்மிய ஃபைல்கள் சிதைந்து தெரிகின்றன.

அவை ஸாஜி என்ற பழைய பர்மிய எழுத்துருவில் அடித்தவை. நாடு உலகப் பொது எழுத்துமுறையான யூனிகோடுக்கு மாறியது 2019 அக்டோபர் 1-ல். மாற்றிக்கொடுக்கும் கன்வர்ட்டர்கள் இருக்கின்றன. யூனிகோடில் அடித்த தமிழுக்கு இந்தத் தொல்லை இல்லை, தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்தால் அடிக்கலாம்.

மாண்டலே: லினக்ஸ் போட்டேன். மெனுவில் விண்டோஸ் காணோம், அழிந்துவிட்டதா?

பதறாதீர்கள். கணினி எழும்போது அந்த மெனுவைக் காட்டுவது கிரப். 2021-ல் வந்த கிரப் 2.06 முதல், மற்ற சிஸ்டங்களைத் தேடும் ஓஎஸ்-ப்ரோபர் இயல்பாகவே நிறுத்தப்பட்டிருக்கிறது. கிரப் அமைப்புக் கோப்பில் அதை இயக்கி, மெனுவைப் புதுப்பியுங்கள்.

யாங்கோன்: ஃப்ரீபிஎஸ்டி போடலாமா?

போடலாம். அதுவும் லினக்ஸ் போன்ற இன்னொரு இலவச இயக்க மென்பொருள்தான். முதலில் தனி டிஸ்க்கில் பழகுங்கள்.

பெகு: லினக்ஸ் வேண்டாம் என்றால் எப்படி எடுப்பது?

பார்ட்டிஷனை உடனே அழித்துவிடாதீர்கள், கிரப் கருப்புத் திரையில் நின்றுவிடும். பயாஸில் விண்டோஸ் பூட் மேனேஜரை முதல் இடத்துக்குக் கொண்டுவந்து, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து விண்டோஸ் நேராக வருகிறதா பாருங்கள். பிறகு லினக்ஸ் பார்ட்டிஷனை அழித்து சி டிரைவோடு சேர்க்கலாம். பக்கத்தில் இஎஃப்ஐ என்று, கணினி எழத் தேவையான கோப்புகளுடன், சின்னதாக ஒரு பார்ட்டிஷன் இருக்கும். அதில் கை வைத்தால் விண்டோஸும் எழாது.