ரப்பி என்ற யூத மதகுருவோ வேதச் சுருளோ இல்லாத கிராமத்தில் யூத மதம் எப்படிப் பிழைத்தது?

மகாராஷ்டிரத்தின் கொங்கண் கடற்கரைக் கிராமங்களில் இருந்த பெனே இஸ்ரேல் என்ற யூத மக்களைப் பாருங்கள். செக்கு ஆட்டுவதுதான் பலருக்கும் தொழில், ஆனால் சனிக்கிழமை மட்டும் செக்கு ஓடாது, அதனாலேயே ஊரார் 'சனிவார் தேலி', அதாவது சனிக்கிழமை எண்ணெய்க்காரர் என்று கூப்பிட்டார்கள். ஹீப்ரு மறந்துவிட்டது, பேச்சு மராத்தி. மிஞ்சியது ஓய்வுநாள், விருத்தசேதனம் (சுன்னத்), உணவு விலக்குகள், 'ஷெமா' என்ற ஒற்றைப் பிரார்த்தனை.

எனக்குப் பிடித்தது மலீதா சடங்கு. அவலில் தேங்காய்த்துருவலும் சர்க்கரையும் கலந்து, பழங்கள் சுற்றி வைத்து, எலியா தீர்க்கதரிசிக்கு நன்றி சொல்வது. அலிபாக் அருகே கண்டாலா கிராமப் பாறையில் அவருடைய ரதச் சுவடு இருப்பதாக நம்புகிறார்கள்.

ஜெபாலயம்? அது பிற்பாடு, 1796இல், பம்பாயில்தான் கட்டினார்கள். அப்புறம், திவேகர் மாதிரி 'கர்' என்று முடியும் குடும்பப் பெயர்களில் பழைய ஊர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.