பாதியில் விட்ட படிப்பும் கல்விக் கடனும்

கேள்வி: லண்டனில் இருக்கிறேன். அம்மா படுத்த படுக்கையானதால் பார்மசி படிப்பை இரண்டாம் வருடத்தில் விட்டேன். இப்போது மூன்று வருட அக்கவுண்டிங். முதல் வருடக் கட்டணத்துக்குக் கடன் இல்லையாம். மேல்முறையீடு செய்யலாமா?

பதில்: தாராளமாக. இங்கிலாந்து விதிப்படி படிப்பின் காலத்தோடு 1 வருடம் கூட்டி முன்பு படித்ததைக் கழிப்பார்கள், பாதியில் விட்ட வருடமும் முழு வருடம்தான் (கொஞ்சம் அநியாயம்தான்). ஆக 3+1-2=2 வருடத்துக்குத்தான் கடன், வெட்டு விழுவது முதல் வருடத்தில். கணக்கு சரி, அதோடு மல்லுக்கட்டாதீர்கள். தவிர்க்க முடியாத சொந்தக் காரணத்தால் விலகினேன் என்று கேளுங்கள். ஏற்றுக்கொண்டால் ஒரு வருடம் கூடுதலாகக் கிடைக்கும். அம்மாவின் டாக்டர் கடிதம், பழைய பல்கலைக்கழகத்தின் கடிதம் இரண்டையும் வையுங்கள், அதிலுள்ள தேதிகள் நீங்கள் விலகிய தேதியோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு. 'குடும்பச் சூழ்நிலை' என்று ஒற்றை வரியில் முடித்தால் எடுபடாது. அப்புறம், பதில் வரும்வரை கட்டணத்துக்குத் தவணை கேட்டு வையுங்கள்.